நாவல் மரத்து இருவாச்சி

ரைட்டருக்கு,

என் கணவரின் நினைவாகத்தான் ஓடைக்கரை நாவல் மரத்தை இத்தனை வருடம் வெட்டவிடாமல் வைத்திருந்தேன் என்று ஏற்காடு கடைவீதியில் சொல்லிக்கொள்கிறார்களாம். தவறு. அவர் அந்த மரத்தை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அது பட்டுப்போன பிறகும் நான் யாரையும் கைவைக்க விடாததற்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள், எஸ்டேட் கணக்கு எழுதிய நீங்கள்தான். நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது.

மாதத் தொடக்கத்தில் அடித்த காற்றில் மரம் விழுந்துவிட்டது. கூடவே பெய்த மழைக்கு இப்போது காபி பூத்து, எஸ்டேட் முழுவதும் அந்த வாசனை. இதே வாசனையில்தான் அதுவும் நடந்தது. நேற்றுத் தடியை ஊன்றிக்கொண்டு ஓடைவரை இறங்கிப் போய்ப் பொந்துக்குள் பார்த்தேன். மக்கிய தூளும் எறும்பும் இருந்தன. ஒரு எலும்பில்லை, ஒரு இறகில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு எப்படி இருக்கும்? ஆனாலும் கையை விட்டுத் துழாவினேன்.

எழுபதுகளின் கடைசி அது. என் கணவர் இறந்து, எஸ்டேட்டை நான் நடத்தத் தொடங்கிய இரண்டாவது வருடம். பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை ஜோடி ஒன்று அந்தப் பொந்துக்கு வந்திருப்பதை முதலில் பார்த்தவர் நீங்கள்தான். பெட்டை உள்ளே போய், தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அந்தக் கீறலில் ஊட்டியது. "கொத்தனாரு இல்லாம என்னமாப் பூசியிருக்குது பாருங்கம்மா. நம்ம ஸ்டோர் செவுத்துக்கும் கூப்பிட்டுப் பார்க்கலாமுங்க" என்றீர்கள். பணியாட்கள் எதிரில் நான் சிரிப்பதில்லை. அன்று சிரித்தேன்.

விடுமுறைக்குச் சேலத்திலிருந்து வந்திருந்த என் கொழுந்தனார் ஏர்கன்னால் அந்த ஆணைச் சுட்டுவிட்டார். நான் கத்தவில்லை. துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "என்னங்க அண்ணி, ஒரு குருவிக்குப் போயி இத்தனை கோவமா? கறி ருசியா இருக்குமான்னு ரைட்டரைக் கேளுங்க" என்றார். நீங்கள் கீழே கிடந்ததைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"ஏனுங்கம்மா, உள்ள இருக்கிற பொட்டைக்கு இனி ஆருங்க எரை போடுவாங்க? உடைச்சு உட்டுரலாமுங்க."

நான் வேண்டாம் என்றேன். வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது, காட்டுப் பறவையின் கூட்டில் கைவைக்க அனுமதி வேண்டும். உடைத்து அது முட்டையை விட்டுப் போய்விட்டால் யார் பொறுப்பு? செய்வதை முறையாகச் செய் என்றுதான் கான்வென்டில் என்னை வளர்த்தார்கள். உட்கார்ந்து வனத்துறைக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். கடைசி வரியில் மை சிந்தியதால் முழுவதையும் மறுபடி எழுதினேன். அதற்குள் காலை பஸ் போய்விட்டது. மனுவோடு மத்தியான பஸ்ஸில் நீங்கள் சேலம் போனபோது அதிகாரி முகாமுக்குக் கிளம்பியிருந்தார்.

மறுநாள் மூங்கில் நுனியைப் பிளந்து, அத்திப்பழத்தைச் செருகி, ஏணியில் நின்று கீறலருகே நீட்டினீர்கள். அலகு வெளியே வந்து உள்ளே போனது. பழங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. ஒன்றை மட்டும் அது எடுத்தது. இறங்கி வந்து மறுபடி கேட்டீர்கள்: "பசி கடுதாசிக்குக் காத்திருக்குமாங்கம்மா?"

"எழுத்தில் அனுமதி வராமல் யாரும் தொடக்கூடாது" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொன்ன குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நல்ல திருத்தமான குரல்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து மழை. நீங்கள் தாமதமாக வந்தீர்கள். உங்கள் வெள்ளைச் சட்டையில் அதுவரை ஒரு பொட்டு அழுக்கை நான் பார்த்ததில்லை. அன்று முழங்கைவரை செம்மண். "வழுக்கிட்டேனுங்க" என்றீர்கள். கீறலில் அன்று முழுக்க அலகு தெரியவில்லை.

நான்காம் நாள் வனக்காவலர் வந்து, "ஆபீசர் தொறந்து பார்க்கச் சொல்லிட்டாருங்க" என்றார். கையில் காகிதம் எதுவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. தோளில் துண்டோடு நீங்கள் ஏணியில் ஏறினீர்கள். கவாத்துக் கத்தியால் ஒரு தட்டு; பூச்சு உதிர்ந்தது. தலையும் தோளும் பொந்தை மறைக்க, கொஞ்ச நேரம் அப்படியே நின்றீர்கள். பிறகு அங்கிருந்தே, "காலியாக் கெடக்குதுங்கம்மா. பறந்துருச்சுங்க" என்றீர்கள். ஓடையில் கை கழுவினீர்கள். அன்று மத்தியானம் நீங்கள் சாப்பிடவில்லை.

நீங்கள் தட்டும்வரை சுவர் முழுசாக இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். விரல் அகலக் கீறல் வழியாகப் பறவை பறக்காது. அப்படியானால் ஒன்று, செத்ததைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொன்னீர்கள். இல்லையென்றால், மூன்றாம் நாள் விடியலில் மழையோடு வந்து, என் பேச்சை மீறி உடைத்துப் பறக்கவிட்டு, எனக்குத் தெரியாமல் இருக்கச் செம்மண்ணால் பூசி மூடியிருக்கிறீர்கள். ஏணிக்குக் கீழே நின்ற என் கண்ணுக்கு எச்சப் பூச்சும் மண்பூச்சும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, பதினான்கு வருடம் தினமும் காலையில் என் எதிரில் நின்று கணக்குச் சொன்னீர்கள். ஒருநாள் கேட்டிருக்கலாம். முதலாளியம்மா ரைட்டரிடம் போய், "என் பேச்சை மீறினீர்களா?" என்று ஆசையோடு கேட்பதா என்று இருந்துவிட்டேன். கடைசியில் நீங்கள் கொட்டச்சேட்டில் உங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்தபோது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றும் சில்வர் ஓக் கன்றுகளைப் பற்றித்தான் பேசினேன்.

அந்தப் பக்கம் இப்போது முழுக்க சில்வர் ஓக். பொந்து விழாத நேர்மரம். மேட்டில் லாட்ஜ் கட்டுகிறார்கள். இருவாச்சிக் குரல் கேட்டுப் பல வருடம் ஆகிறது. மரத்தை அறுத்துக் கொண்டுபோக நாளைக்கு ஆள் வருகிறது. தடுக்க எனக்குக் காரணம் இல்லை, தெம்பும் இல்லை. இன்னமும் கூரையில் மழை கேட்டால் எழுந்து உட்கார்ந்து, அந்த விடியலில் நீங்கள் வந்தீர்களா இல்லையா என்று யோசிக்கிறேன்.

பொந்தைத் திறந்தது மூன்றாம் நாளா, நான்காம் நாளா? உள்ளே என்ன இருந்தது? இரண்டு வரி போதும். எழுதி அனுப்புங்கள்.