அம்மாவின் இடக்கை வெட்டிய பன்னிரண்டு கோட்டுகள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவின் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். பயல் இடக்கையால் எழுதுகிறான் என்று டீச்சர் முகம் சுளித்ததையும், அந்தக் கையில் நீ சாக்ஸ் மாட்டிவிடுவதையும் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்ட மறுநாளே பன்னிரண்டு டாக்டர் கோட்டுகள் வெட்ட வேண்டியிருந்தது. நம் கடையில் வெட்டு அவள், தையல் நான், நான் கத்தரி பிடித்தால் துணி கோணும் என்பது ஊருக்கே தெரியும். ஆர்டரைத் திருப்பிவிடலாம் என்றேன். "சும்மா இருங்க" என்று சாக்பீஸை இடக்கையில் எடுத்தாள் பாரு, அடேயப்பா, ஒரு கோடு நடுங்கவில்லை! வலக்கைக்காரர்களுக்குச் செய்த கத்தரி மக்கர் பண்ணியது, கட்டைவிரலை உள்ளே அழுத்தி அதையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். வாயைப் பிளந்து நின்றேன். அப்புறம்தான் சொன்னாள், ஒண்ணாம் கிளாஸில் அந்தக் கையை ரிப்பனால் பெஞ்சுக் காலில் கட்டிவைப்பார்களாம், சாப்பாட்டு மணிக்குத்தான் அவிழ்ப்பார்களாம், பிள்ளைகள் பீச்சாங்கை என்றே கூப்பிடுவார்களாம். நான் டீ குடிக்க வெளியே போகும்போதெல்லாம் இடக்கையால்தான் வெட்டுவாளாம். முப்பத்து நாலு வருஷமாக ஒரே கடையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

இன்னொரு கூத்தைக் கேள். பன்னிரண்டு கோட்டிலும் இடப்பக்கம் வரவேண்டிய மேல் பாக்கெட்டை வலப்பக்கம் குறித்துவிட்டாள், கோடு போட்ட இடத்தில் தைக்கிற நானும் பன்னிரண்டையும் தைத்துத் தள்ளிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தால் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள், "என் கைக்குத் தோணினபடி இப்பதாங்க ஒரு தப்பு பண்ணியிருக்கேன், கொஞ்ச நேரம் பாத்துக்கிறேனே" என்று. இவளை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை மகளே.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று வயதில் நீயும் இடக்கையால்தான் ஸ்பூன் பிடித்தாய். நான்தான் கடைக்கு வந்தவர்கள் முன்னால் அந்தக் கையில் பட்டென்று போட்டேன், நீ மாறும்வரை போட்டேன். அம்மா வெட்டிக்கொண்டிருந்த கத்தரி அப்போது நின்றது. துணி சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். நேற்று அது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "எத்தனை அடின்னுகூட ஞாபகம் இருக்கு" என்றாள். எனக்கு ஞாபகமில்லை, அதுதான் குத்துகிறது.

பயல் கையை இன்றே விட்டுவிடு கண்ணு. மாப்பிள்ளைக்கும் பயலுக்கும் எங்கள் ஆசிகள், மூவரும் நீடூழி வாழ வேண்டும். அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, மறந்துவிடாதே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அப்பா