அளக்காத நான்கு எண்கள்

அன்புள்ள சுண்டுவுக்கு,

இங்கே அப்பாவும் தம்பியும் நானும் நலம், கடையில் பெரிய சலவை இயந்திரம் மட்டும் இருமிக்கொண்டே ஓடுகிறது. நீயும் நலமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், இத்தனை தூரத்திலிருந்து நான் வேறென்ன செய்ய. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. உட்கார்ந்து இஸ்திரி போடட்டும் என்று ஒரு முக்காலி வாங்கி வைத்தேன், அதன்மேல் சட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டேதான் தேய்க்கிறார். தம்பிக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டது, தெருமுனைக்குப் போக வேண்டுமென்றாலும் கடை வண்டியை எடுக்கிறான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போன வருடம் பேராசிரியர் பெயரும் என் பெயருமாக வந்த கட்டுரையில் ஒரு வாரத்து அளவுகள் தப்பு, தராசைச் சரிபார்க்காமல் அளந்துவிட்டேன், இப்போதுதான் கண்டுபிடித்தேன், பேராசிரியருக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருந்தாய். சொன்னால் வேலையே போய்விடுமோ, சொல்லாமல் அடுத்த கட்டுரையில் மெல்லச் சரிக்கட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். அன்றைக்கு எனக்குக் கை கால் ஓடவில்லை, ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையைச் சிவப்புப் போர்வையோடு போட்டு ஊறவைத்துவிட்டேன். உடனே பதில் எழுதவும் தைரியம் வரவில்லை. அதற்குள் உன் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து அறிவியல் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். விஞ்ஞானிகள் பள்ளி நாட்களில் எப்படி உழைத்தார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் வைக்கிறோம், உங்கள் மகள் வர முடியாது, நீங்களாவது வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாலு வார்த்தை என்ன, நாள் முழுக்கப் பேசுவாள் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை போனேன். மேடைக்குப் பின்னால் படங்கள் ஒட்டியிருந்தார்கள், எல்லாரும் தாடிக்காரர்கள், கடைசியில் ரெட்டைச் சடையோடு நீ. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமையடித்துக்கொள்ளத்தான் தயாராகப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பில் அறிவியல் போட்டிக்காகப் பதினோரு சனிக்கிழமை நீ விளையாடப் போகாமல், ஈரத் துண்டு எப்படிக் காய்கிறது என்று அரை மணிக்கு ஒரு முறை நம் கடைத் தராசில் நிறுத்து எழுதினாயே, அதைச் சொன்னேன். கை ஊறிச் சுருங்கிப் போனதையும், அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தே நீ சாப்பிட்டதையும் சொன்னேன். டீச்சர்கள் தலையாட்டினார்கள். அப்போது உன் படத்தைத் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன். அந்தக் கடைசி சனிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அங்கே சொன்னபடியே எழுதுகிறேன். அன்று மத்தியானம் நீ காய்ச்சலோடு மூட்டைமேலேயே தூங்கிப்போனாய். எழுப்ப மனம் வரவில்லை, கடையிலும் கூட்டம். கூட்டம் குறைந்து நான் வந்து பார்த்தபோது துண்டு காய்ந்துவிட்டது, நோட்டில் நான்கு கட்டங்கள் காலி. பிள்ளை பாடுபட்டது வீணாகக் கூடாது என்று, அதுவரை எண்பது எண்பதாகக் குறைந்திருந்த எடையை நானும் எண்பது எண்பதாகக் கழித்து நான்கு எண்களை எழுதி வைத்தேன். மறுநாள் நீ அதைப் பார்த்துவிட்டு, காஞ்ச துண்டே முந்நூத்தி எண்பது கிராம், நீ முந்நூத்தி இருபதுன்னு போட்டிருக்கியே, மீதி அறுபது கிராம் துண்டு எங்கம்மா போச்சு என்று கேட்டாய். இதைச் சொன்னதும் கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கே துணியின் எடை தெரியவில்லை பார்.

நீ அதை அழித்து வேறு எண் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான்கின்மேலும் கோடு போட்டு, பக்கத்தில் 'இவை நான் அளந்தவை அல்ல' என்று எழுதிக் கொடுத்தாய். பரிசு வேறு யாருக்கோ போனது. உனக்காகத்தானே செய்தேன் என்று ஒரு வாரம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் டீச்சர் சொல்லித் தெரிந்தது, யார் எழுதியது என்று அவர் எவ்வளவோ கேட்டும் நீ வாய் திறக்கவே இல்லையாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாயே, அதற்கு நான் உனக்கு இதுவரை ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன் கண்ணு. அன்றைக்கு மேடையில் அத்தனை பிள்ளைகள் முன்னால் நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

அதனால் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிடு. பயம் போகட்டும் என்று காத்திருக்காதே, அது தானாகப் போகாது. வேலை போனால் வீட்டுக்கு வா, தராசு அதே இடத்தில்தான் இருக்கிறது, அப்பா உட்காராத முக்காலியும் சும்மாதான் கிடக்கிறது.

அந்தப் பழைய நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். இத்தனை வருடமும் என் சேலைகளுக்கு அடியில்தான் இருந்தது. நீ எழுதிய வரிக்குக் கீழே 'இவற்றை எழுதியவள் இவள் அம்மா' என்று எழுதி, இன்றைய தேதியோடு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். பேராசிரியர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது, எதுவாக இருந்தாலும்.

இப்படிக்கு,
உன்னால் திருந்திய,
அம்மா