மதினியின் இரண்டு இனிஷியல்கள்

என் பிரியமுள்ள பூங்கோதை மதினிக்கு,

நீங்கள் கண்மூடி ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறார். சர்க்கரைதான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சும்மா உட்கார முடியாமல் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் இணையக் கலைக்களஞ்சியத்தில் உங்கள் பெயரைத் தேடினேன். இருந்தது, மதினி! ஆனால் இரண்டே வரி. பேராசிரியர் கதிரேசனின் மனைவி என்று முதலில் அண்ணன் பெயர், அப்புறம்தான் களர் மண் ஆய்வாளர் என்று உங்கள் வேலை. மேலே ஒரு அறிவிப்பு வேறு: போதிய பணிகள் இல்லை, ஒரு வாரத்தில் பக்கம் நீக்கப்படும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலூர்ப் பக்கம் உப்புப் பூத்த வயல்களில் உச்சி வெயிலில் நின்று மண் எடுத்தீர்களே, அது போதாதாமா?

அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் தேன்மொழி ஒத்தக்கடைப் பெண் என்று தெரிந்து போன் போட்டேன்.

"பழைய கட்டுரையெல்லாம் மு. பூங்கோதைன்னு இருக்கும்மா. பின்னாடி வந்தது க. பூங்கோதை. வேற வேற ஆளுன்னு நெனச்சுட்டாங்க. பிரிச்சுப் பாத்தா ரெண்டு பேருக்குமே கட்டுரை கம்மிதான்."

"நான் அவங்க நாத்தனாரு. ஒரே ஆளுதான்னு நானே சொல்றேனே!"

"சொந்தக்காரங்க சொன்னாச் செல்லாதும்மா. அச்சுல இருந்தாக் காட்டுங்க."

போனை வைத்ததும் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், "எங்கண்ணன் இனிஷியல் போடாம அப்பா எழுத்தையே வச்சிருந்தா ஊரு என்ன பேசும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டது யார்? நான்தானே. "கட்டுரையெல்லாம் இந்தப் பேர்லதான வந்திருக்கு, ராணி" என்றீர்கள். நான் விட்டேனா? ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. கடைசியில் மாற்றிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கலாமே, மதினி. ஏன் சொல்லவில்லை?

நீங்கள் வேலை பார்த்த கல்லூரியின் நூலகத்துக்கு பஸ் ஏறிப் போனேன். பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் புரட்டி மூக்கெல்லாம் தூசி. "விடு ராணி, அவளே இதெல்லாம் கேட்டதில்ல" என்றார் அண்ணன். "கேக்கலைன்னா வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமாண்ணே?" என்று மறுநாளும் கிளம்பினேன். மூன்றாம் நாள் மதியம் ஆசிரியர் பட்டியலில் அகப்பட்டது: "க. பூங்கோதை (முன்னர் மு. பூங்கோதை)." அங்கேயே அழுதுவிட்டேன்.

தேன்மொழி அதை ஆதாரமாகச் சேர்த்தாள். கட்டுரைகள் ஒரே பட்டியலுக்கு வந்தன, அறிவிப்பும் போய்விட்டது. "நீங்க யாருன்னு பேச்சுப் பக்கத்துல எழுதிருங்கம்மா" என்றாள்; கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கமாம் அது, சொந்தக்காரர்கள் அங்கே உறவைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதியாம். எழுதினேன்: "நான் இவருடைய நாத்தனார். இவர் இனிஷியலை விரும்பி மாற்றவில்லை. மாற்ற வைத்தவள் நான்."

அண்ணன் படித்துவிட்டு, "குடும்பத்து விஷயத்த இப்படியா ஊரறிய எழுதுவ?" என்று சத்தம் போட்டார். "ஊருக்குப் பயந்துதானண்ணே அன்னைக்கு அப்படிப் பண்ணேன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மொத வரியில எதுக்கு என் பேரு? கீழ எறக்கச் சொல்லு" என்றார். இறக்கியாச்சு.

மன்னிப்புக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால் கேட்கவில்லை. உங்கள் கட்டுரைகளில் மூன்று இன்னும் அகப்படவில்லை. அவை எந்த ஊர் நூலகத்தில் கிடந்தாலும் தேடிச் சேர்க்காமல் ஓய மாட்டேன்.

இப்படிக்கு,
மு. பூங்கோதையின் நாத்தனார்
ராணி