தலையில் கோடு போட்ட ஓ

வாய்க்கு வாய் பதில் சொல்லும் என்ரை மருமகள் ஜெசிந்தாவுக்கு,

மாமா எழுதுறன். நீ போய் மூன்று மாதம். என்னைத் திருத்த ஆளில்லாததால் என் அறிவு உரும்பிராயைத் தாண்டி ஏழு கடலையும் மூடிவிட்டது. சந்தோசமா?

ஸ்பெயின் கன்னியர் மடம் உன்னை எடுக்கச் சம்மதித்து, மொழியைப் படித்துக்கொண்டு வா என்று புத்தகம் அனுப்பியதே. எழுதக் கொப்பி கிடைக்காத காலம். பழைய கலியாண அழைப்புக் காட்டுகளின் முதுகில் நான்தான் வினைச்சொற்களைப் பார்த்தெழுதித் தந்தேன். கதைக்கிறன் என்பதற்கு ஆப்லோ. வெண்பாவையே அசை அசையாய் வெட்டிப்போட்ட மகா பண்டிதன் அல்லவா நான்? ஆப் – லோ, தேமா என்றேன். ப்பையும் லோவையும் பிரிக்கேலாது, ஆ – ப்லோ என்றாய். குருநகரில் இருந்த எங்களைக் குண்டு போட்டுத் திசைக்கொன்றாய்ப் பிரிக்கலாம்; அந்த இரண்டு எழுத்தைத் தொடக்கூடாதாம்.

பிறகு இன்னொரு ஆப்லோ வந்தது. அதில் கடைசி ஓவின் தலையில் ஒரு சின்னக் கோடு. எங்கடை எழுத்தில் தலையில் புள்ளி விழுந்தால் உயிர் போய்விடும். ஆகவே அந்த ஓவும் செத்தது என்று தீர்ப்பளித்து, "ஆப்ல்" என்று முழங்கினேன். நீ சிரித்துச் சிரித்து வெங்காயப் பாத்திக்குள்ளேயே குந்திவிட்டாய்.

"சாகேல்லை மாமா, அங்கைதான் அழுத்தம். முன்னுக்கு அழுத்தினால் நான் கதைக்கிறன். கோடு போட்டுக் கடைசியை அழுத்தினால் அவள் கதைச்சாள்."

தலையில் அடி வாங்கியபின் உரத்துக் கத்துகிற எழுத்தை நான் அன்றுதான் கண்டேன். இங்கே அடி வாங்கியதெல்லாம் உயிர் போய் வெறும் மெய்யாய்க் கிடக்கிறது.

கொழும்புக்குப் போகப் பாஸ் கிடைத்த கிழமையே உனக்கு நெருப்புக்காய்ச்சல். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு சுன்னாகம், உடுவில் என்று சைக்கிள் உழக்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே பதில்: "வந்தால் தாறம்." மருந்தை இங்கே வரவிடாமல் மறித்தவனிடம் போய் நான் எந்தப் பாஷையில் கேட்கிறது, பிள்ளை?

நேற்று மடத்துத் தலைவியின் கடிதம் வந்தது. ஸ்பானியம் கதைக்கிறாயா, எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறா. உன் அம்மா அதைத் தொடவில்லை. "நீயே எழுது தம்பி" என்றா.

மருந்து வராமல் நீ போனதை எழுதுவேன். ஆனால் அவள் கதைச்சாள் என்று சொல்ல அந்தக் கோடு வேண்டும். பேனை ஓவின் தலைக்கு மேலே போய் நின்றுவிட்டது.

கோடு போடமாட்டன். பண்டிதன் பிழை விட்டான் என்று ஸ்பெயின் முழுக்கச் சிரிக்கட்டும். அங்கே அதை யார் வாசித்தாலும், நான் கதைக்கிறன் என்று உன்ரை வாயாலே வரவேண்டும். இது என் வாக்கு.

உன்னிடம் ஒரு நாளும் வெல்லாத,
குஞ்சு மாமா