பூட்டிய கதவும் வாத்து முட்டையும்

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், குஞ்சு பொரிக்கிற மெஷினுக்குள் கிடக்கிற அறுநூறு வாத்து முட்டையும் சௌக்கியம், நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் உன் கடிதம் சொல்லவில்லை. பூமியில் முதல் உயிர் எந்தச் சூட்டில் பிறந்திருக்கும் என்று ஆய்வுக்கூடக் குடுவையில் தேடி எட்டு மாதமாகிறது, சூட்டை ஒரு புள்ளிகூட அசையவிடாமல் காத்தும் ஒன்றும் கூடிவரவில்லை, விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அசையவிடாமல் என்ற இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது.

அம்மா தினமும் மத்தியானம் மெஷின் கதவைத் திறந்துபோட்டு, முட்டைகளை ஈரத்துணியால் துடைத்தபடி அவற்றோடு பேசுவாளே, சூடெல்லாம் வீணாகிறதென்று போன முறை நான் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். சூடு சீராக நின்றது, நானும் மார்தட்டிக்கொண்டேன். இருபத்தெட்டாம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் ஓடு விரியவே இல்லை. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை, முப்பது வருஷமா வாத்து விக்கிறீங்க, வாத்து என்ன பண்ணுதுன்னு ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா, எந்திரிச்சுப் போயி தண்ணியில முங்கிட்டு ஈரத்தோடதானே வந்து உக்காருது என்றாள். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

இந்த முறை கதவைத் திறப்பது என் வேலை. வெதுவெதுப்பான ஈரக் காற்று முகத்தில் படும்போது எங்கேயோ போய்விடுகிறேன். பார்க்க ஆளில்லாத பூமி, பாறைக்குழியில் கொஞ்சம் தண்ணீர், வெயிலில் வற்றி, மழையில் ஊறி, ஆறி, மறுபடி சூடாகி, அப்படியே எத்தனை கோடி மத்தியானம், ஏதோ ஒரு மத்தியானத்தில் உள்ளே லேசாக ஒரு அசைவு. படிக்காதவன் உளறல் என்றால் சிரித்துக்கொள். மற்றவர்கள் ஆறவிட்டுப் பார்த்திருப்பார்கள், நீ பார்த்தாயா? குடுவையை ஒரு தரம் காயவிடு, நனை, மறுபடி சூடேற்று. அதற்கும் அசையவில்லையா, கிளம்பி வா, உன் அறை உன் அறைதான். தோற்று வந்தாள் என்று எவனாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். குடுவை இருக்கட்டும், முதல்ல அவள வெளிய போயி நாலு எட்டு நடக்கச் சொல்லுங்க என்கிறாள் அம்மா.

இன்று இருபத்தேழாம் நாள். எழுதும்போதே உள்ளே ஒன்று லொட்டு லொட்டென்று தட்டுகிறது. உன் குடுவைக்கும் அப்படியொரு சத்தம் வாய்க்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. பூட்டுச் சாவியை அம்மாவிடம் கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், இனி எனக்கு அது வேண்டாம்.

உன் நலம் நினைக்கும்
அப்பா