அக்கா போடாத கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஆனால் இரண்டு நாளாக வயிறு எரிகிறது, கோபத்தில்தான்.

எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்காவின் வலது கை மெஷினில் வெந்துவிட்டது. பயப்படாதே, ஆறிவிடும். அதன் மூடி உடைந்திருப்பதை மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு இந்த ஊர் பாஷை தெரியாது. சூப்பர்வைசர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "லீவு ஃபாரம்னு சொல்லி கையெழுத்து வாங்கு" என்றான். படித்தேன். எல்லாம் அக்காவின் கவனக்குறைவு என்று இருந்தது.

"போடாதீங்கக்கா, பழிய உங்க தலையில கட்டுறாங்க" என்றேன்.

அக்கா காகிதத்தைத் தள்ளிவிட்டாள். அவன் முகம் சிவந்துவிட்டது. "எங்க பாஷையைக் கத்துக்கிட்டு எங்களையே எதிர்க்கிறியா?"

"அப்போ படிக்கத் தெரிஞ்சவகிட்ட ஏன் குடுத்தீங்க?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன். பிழை இருந்திருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

என்னை அழுக்குத் துணி பிரிக்கும் வேலைக்குத் தள்ளிவிட்டான். நடந்ததையெல்லாம் அந்தப் பாஷையில் நானே எழுதினேன். அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டு மேலிடத்தில் கொடுத்துவிட்டாள். இன்னும் பதில் இல்லை. விடமாட்டோம்.

பருத்திக் கையுறை இரண்டு ஜோடி அனுப்பு. கூடவே கைப்பட நாலு வரி எழுது. அக்கா விடுப்பில் போனபிறகு, இவனைத் தமிழில் சேர்ந்து திட்டக்கூடப் பக்கத்தில் ஆளில்லை.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்