மாத்திரை போட்ட நாளில் சலானி சொன்னது

நௌசோரி,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய எப்பேலி அண்ணனுக்கு, தங்கை வாசெமதா வணங்கி எழுதுவது.

பிள்ளைகள் சுகம், பன்றிகள் சுகம், நான் போன மாதத்தைவிடப் பருமன். உங்கள் மனைவி சலானியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். நம் வழக்கத்தில் அண்ணனும் தங்கையும் மனம்விட்டுப் பேசியது எப்போது? தவிர, போன் இருப்பது அவள் தலையணைக்கு அடியில். அதனால் ஆஸ்திரேலியாவில் உங்கள் இறைச்சித் தொழிற்சாலைக்கே வேலைக்குத் திரும்புகிற வில்லியமேயிடம் கொடுத்தனுப்புகிறேன். நாலாம் வகுப்பு எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் மார்பில் வந்த புற்றுக்கு மருந்து ஏற்றுவது நான்கு முறை முடிந்தது. இன்னும் இரண்டு பாக்கி. மூன்றாம் முறை போனபோது இன்னும் ஊசி போடக்கூட இல்லை, பஸ் திரும்பி ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்ததுமே வாந்தி தொடங்கிவிட்டது. முன் சீட்டில் இருந்த போதகரின் சட்டை போயே போச்சு. "போதகருக்கே ஞானஸ்நானம் குடுத்துட்டியேடி" என்றேன். அந்த நிலையிலும் சிரித்தாள்.

அதன்பிறகு டாக்டரம்மா ஒரு மயக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். புறப்படும் முன் நாக்குக்கு அடியில் வைக்கவேண்டும். அன்று கவாக் கிண்ணத்தைத் தொடக்கூடாது. "அன்னிக்குப் பேசினது அவங்களுக்கு ஞாபகம் இருக்காது, பயந்துடாதீங்க" என்று நர்ஸ் சொன்னாள். நல்ல மாத்திரைதான், அண்ணா. வாந்தி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நான்காம் முறை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கினாள்.

அன்றுதான், போன வியாழக்கிழமை, மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அரைக் கண் திறந்து என் விரலைப் பிடித்தாள். "வாசெ, போதும்டி. இனிமே என்னை இங்க கூட்டிட்டு வராத" என்றாள்.

நாத்தனாரும் அண்ணியும் ஒருத்தி வாயைத் திறந்தால் மற்றவள் அதற்கு மேலே ஒன்று போட வேண்டும், அதுதானே நம் வழக்கம்! "சரி, உன் பாயை நான் எடுத்துக்கறேன், அண்ணனுக்கும் வேற பொண்ணு பாத்துடறேன்" என்று சிரித்தேன். பக்கத்து நாற்காலிப் பெண்ணும் சிரித்தாள். சலானி சிரிக்கவில்லை. கண்ணோரம் நீர் வடிந்தது. பிறகு தூங்கிவிட்டாள்.

மறுநாள் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. அடுத்த முறைக்கு நீலச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்கிறாள். "நிஜமா போகணுமா உனக்கு?" என்று ஒரு காலையில் கேட்டுப் பார்த்தேன். "ஏன், அந்த ஆம்பளை நர்ஸ் உன்னைத் திரும்பிப் பாக்கலைன்னு கோவமா?" என்றாள். நானும் ஏதோ சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு முடிந்தது. இருபது வருஷமாக இப்படியே பேசிப் பழகிவிட்டோம், வேறு மாதிரி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நர்ஸிடம் சொன்னேன். மயக்கத்தில் சொன்னதை வைத்து நிறுத்த முடியாதாம், தெளிவாக இருக்கும்போது அவளே சொல்லவேண்டுமாம். தெளிவாக இருக்கும்போது சட்டையைத் தேய் என்கிறாளே! பேசியது அவளா, மாத்திரையா? எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை பத்தொன்பதாம் தேதி. அன்று அந்த மாத்திரையை அவள் நாக்குக்கு அடியில் வைக்கப்போவது என் கை.

அண்ணா, உங்களிடம் அவள் கிண்டல் பேசமாட்டாள். அதற்குள் எப்படியாவது வாருங்கள். மாத்திரை போடாத ஒரு நாளில், நான் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். அவள் எதைச் சொன்னாலும் அதன்படி செய்கிறேன்.

கத்தி பிடிக்கிற உங்கள் கையை ஆண்டவர் காக்கட்டும். அவள் போதும் என்று சொன்னதை வேண்டுமானால் அவளிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டு நான் சிரித்தது மட்டும் அவளுக்குத் தெரியவேண்டாம்.

உங்கள் தங்கை,
வாசெமதா